கருவாடு பொரித்த வீடு

பிரேம்நாத்துக்கு அந்த வாடை தெரியவே இல்லை. அதுதான் சிக்கல்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை அவனுக்கு. குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்து டிகிரி வாங்கியவன். தோலில் கடுகளவு கீறல் இருந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்கி வைத்துவிடுவான். அப்படிப்பட்டவனுக்குத் தன் வீட்டு அடுப்பங்கரையில் என்ன வீசுகிறது என்று பிடிபடவில்லை.

மனைவி ஷர்மிளா முழுகாமல் இருந்தாள். வாய்க்கு ருசியாக இருக்கட்டுமே என்று, காவேரிப்பாக்கத்திலிருந்து தன் அம்மா கொடுத்தனுப்பிய ஏரிமீன் கருவாட்டை ஞாயிற்றுக்கிழமை அவனே பொரித்தான். அதிலிருந்து வீட்டுக்குள் அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. தட்டைத் தொட்டாலே குமட்டல். இந்த வாடை போகாவிட்டால் வாணியம்பாடிக்கு, அம்மா வீட்டுக்கே போய்விடுவதாகச் சொல்லிவிட்டாள்.

அவன் வளர்ந்த வீட்டில் அடுப்புக்கு மேலே கருவாடு எப்போதும் தொங்கும். அதை ஒரு வாடை என்று யாரும் சொன்னதில்லை.

வாணலியைப் புளி போட்டுத் தேய்த்தான். எலுமிச்சைத் தோலைக் கொதிக்க வைத்தான். ஜன்னல் துணியை அலசி, சுவரைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தான். ஒவ்வொரு தடவையும் அவளைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னான். இருக்கிறது என்றாள். கடைசியில் வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டான்.

"இப்ப கோயிலுக்குள்ள கருவாடு பொரிச்ச மாதிரி இருக்குது மாமா" என்றாள்.

ஒரு முடிவு தெரியட்டும் என்று, கீழே குடியிருக்கும் வீட்டுக்கார மஹ்பூபி அக்காவை மேலே அழைத்து வந்தான். அவர் அடுப்பங்கரை நடுவில் நின்று மூச்சை இழுத்தார்.

"கருவாடு எங்க தம்பி இருக்குது? புகைதான் ஜாஸ்தி" என்று இருமிக்கொண்டே இறங்கிப் போனார்.

இரண்டு மூக்கு, இரண்டு தீர்ப்பு. யாரை நம்புவது? மூன்றாவது மூக்கு தன்னுடையது. அதுவோ வாயே திறக்கவில்லை.

கடைசியில் சோற்றுக் குண்டானையும் ரசத்தையும் மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய், தண்ணீர்த் தொட்டி ஓரமாக அவளை உட்கார வைத்தான். ஒரு வாய் எடுத்தாள். உள்ளே போனது. இன்னொரு வாய். அவனுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

வந்த மூச்சு பாதியில் நின்றது. காற்று திசை மாறி, தோல் பதனிடுகிற தோல் ஷாப் பக்கமிருந்து குப்பென்று அடித்தது. ஊறப்போட்ட பச்சைத் தோலின் நாற்றம். அவனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இவள் இதையும் வாந்தி எடுக்கப் போகிறாள் என்று பதறித் தட்டைப் பிடித்தான்.

"வுடு மாமா. எதுக்குப் புடுங்குற?"

"இந்த நாத்தம் உனக்கு வரல?"

"இன்னா நாத்தம்?"

அவள் விளையாடவில்லை. தலையைத் தூக்கி நிஜமாகவே மோந்து பார்த்தாள். வாணியம்பாடியில் ஒரு தோல் ஷாப்புக்குப் பின்சந்தில் பிறந்து வளர்ந்தவள்.

"காத்து நல்லாத்தான் வருது. ரசம் ஊத்து."

ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் ஊற்றினான். நாளையிலிருந்து சாப்பாடு இங்கேயே என்று அவள் சொல்லிவிட்டாள். சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் தலையை ஆட்டினான்.