படைக்கு ஆள் பொறுக்கியவர்

சாமுவேல் ஆம்பூரில் ஒரு சிறிய கிறிஸ்தவ சபையின் உபதேசியார். அப்பா தோல் பதனிடும் கூலியாள். மிஷன் தயவில் படித்த சாமுவேலுக்குக் கிரேக்கமும் தெரியும்; அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

1917இல் மெசபடோமியாவில் நடந்த சண்டைக்கு ஆள் சேர்க்க வந்த வெள்ளைக்கார அதிகாரி, ஞாயிறு ஆராதனையில் இளைஞர்களிடம் பேசும்படி சாமுவேலைக் கேட்டார். சாமுவேல் வேதத்தில் வரும் ஒரு கிரேக்க வினைச்சொல்லை எடுத்துக்கொண்டு பேசினார்.

"ஸ்த்ரதொலொகேயோ என்பது அந்தச் சொல். ஸ்த்ரதோஸ் என்றால் படை. லெகோ என்றால் ஆதியில் பொறுக்கிச் சேர்ப்பது. பேசுவது என்ற பொருள் பின்னால் வந்தது. கூட்டுச்சொல்லில் அது 'லொக்' என்று திரியும். படைக்கு ஆள் பொறுக்கியெடுப்பது என்று அர்த்தம். பொறுக்கப்படுவது பாக்கியம்."

இளைஞர்கள் சிலர் அங்கேயே பெயர் கொடுத்தார்கள். விதவை அன்னம்மாளின் ஒரே மகன் ஆசீர்வாதமும் கொடுத்தான். ஆராதனை முடிந்ததும் அன்னம்மாள் வந்தாள்.

"ஐயா, நாளைக்கு எம்புள்ளை சேதிய நான் யாரைப் போய்க் கேக்கறது? தொரை ஊருக்குப் போய்டுவாரு."

சாமுவேலுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் விளக்கிய வினையைச் செய்பவன் சண்டைக்குப் போகிறவன் அல்ல, ஆள் எடுப்பவன். அன்று அதைச் செய்தது அவர்தான்.

"என்னைக் கேளுங்கம்மா," என்றார்.

வீட்டில் மனைவி பூவம்மாளிடம் தானும் போவதாகச் சொன்னார்.

"இந்த வயசுல உங்களுக்கு இன்னா வந்துச்சு?"

"துப்பாக்கி தூக்கல. ஆஸ்பத்திரிக் கூடாரத்துல வேலை. என் பேச்சைக் கேட்டுப் போறானுங்க. நான் இங்க உக்காந்திருக்க முடியாது."

புறப்படும் நாளில் அவள் கம்பளியை மடித்துக் கட்டிக் கொடுத்தாள்.

மெசபடோமியாவில், பாஸ்ராவின் வெயிலில் ஆசீர்வாதம் காய்ச்சலில் விழுந்தான். சாமுவேல் ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவன் பிழைக்கவில்லை.

சண்டை ஓய்ந்து ஊர் திரும்பிய சாமுவேல், ரயிலை விட்டிறங்கி நேரே அன்னம்மாள் வீட்டுக்குத்தான் போனார். மரணச் செய்தி அவளுக்கு முன்பே வந்திருந்தது.

"பக்கத்துல இருந்தீங்களா?"

"இருந்தேம்மா. தண்ணி கேட்டான், குடுத்தேன்."

"வலி ஜாஸ்தியா இருந்துச்சா?"

"கடைசில இல்ல. தூங்கற மாதிரிதான் போய்ட்டான்."

அவள் மகனைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டாள். பொழுது சாயும் வரை அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன்பிறகும் அன்னம்மாள் கோயிலுக்கு வந்தாள். பிரசங்கம் தொடங்கும்போது மட்டும் எழுந்து வெளியே போய்விடுவாள். சாமுவேல் ஒருநாளும் ஏன் என்று கேட்கவில்லை.