இரண்டு மலையும் ஒரு சூரியனும்

குணலட்சுமி ரீச்சருக்கு மலை என்றாலே ஆகாது. யாழ்ப்பாணத்து உடுவிலில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் அவர் சித்திரம் படிப்பித்தார். பக்கத்து வகுப்பு என்னுடையது. படம் கீறச் சொன்னால் போதும், எல்லாப் பிள்ளைகளும் இரண்டு மலையைக் கீறி, நடுவில் சூரியனை வைத்து, கீழே ஒரு ஆற்றை ஓடவிடுவார்கள். எங்கள் ஊரில் தோட்டத்தில் குவித்த கல்லுக்கும்பியை விட்டால் வேறு மேடு இல்லை. ஆறும் கிடையாது.

"உதை ஆர் கண்டது? உன்ரை வீட்டு வாசல் படலையைக் கீறு. கிணத்துத் துலா எந்தப் பக்கம் நிக்குது? போய்ப் பாத்திட்டு வா" என்று திருப்பி அனுப்புவார்.

பென்சிலுக்கே தட்டுப்பாடான அந்த யுத்தகாலப் பொருளாதாரத் தடைக்குள் பிள்ளைகள் அடுப்புக்கரியால் கீறினார்கள். தவணை முடிவதற்குள், படத்தைப் பார்த்தே அது யாருடைய வீடென்று நாங்கள் சொல்லிவிடுவோம்.

தொண்ணூற்று மூன்றில் பள்ளிக்கூட அதிபர் சோமசேகரம் சித்திரப் பாடத்தை நிறுத்தினார். அந்த நேரத்திலும் கணக்குத்தான்.

"புலமைப்பரிசில் சோதினையிலை படமே கேக்கிறாங்கள், ரீச்சர்? கீறி என்ன கிடைக்கப் போகுது?"

"கண்ணாலை பாக்கப் பழகுவினம், சேர்."

"பாக்கிறதுக்குப் பள்ளிக்கூடம் என்னத்துக்கு?"

மனிதர் பெரிய பகிடி விட்டதாக நினைத்துச் சிரித்தார். பெற்றோரும் அவர் பக்கம்தான். அக்கம்பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலும் இதே கதைதான். நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

தொண்ணூற்றைந்து ஒக்டோபர் முடிவில், இராணுவம் முன்னேறி வர, எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் எழும்பி, மழையில் தென்மராட்சிக்கு நடந்தது. சாவகச்சேரியில் நாங்கள் ஒதுங்கிய மண்டபத்தில் ஒரு பெண் குழந்தை தனியே நின்றது. ஆறு வயது இருக்கும். சனநெரிசலில் தாயின் கை விட்டுப்போயிருக்கிறது. பெயரைக் கேட்டாலும் விசும்பல், ஊரைக் கேட்டாலும் விசும்பல். மண்டபத்தில் எல்லா ஊர்ச் சனமும் இருந்தது. ஊர் மட்டும் தெரிந்தால் தாயைத் தேடிப் பிடித்துவிடலாம்.

குணலட்சுமி ரீச்சர் அடுப்படியிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து வந்தார்.

"கதைக்க வேண்டாம், குஞ்சு. உங்கடை வீட்டைக் கீறிக் காட்டு."

குழந்தை அழுகையை நிறுத்தியது. சீமெந்து நிலத்தில் குந்தியிருந்து கீறத் தொடங்கியது. சனம் சுற்றி நின்றது. ஒரு படலை தெரிந்தால் போதும், ஒரு கோயில் தெரிந்தால் போதும், "உது எங்கடை ஒழுங்கை" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். நானும் எட்டிப் பார்த்தேன்.

இரண்டு மலை. நடுவில் சூரியன்.

ரீச்சர் அதைக் கையால் அழித்தார். "இது இல்லை, ராசாத்தி. உங்கடை வீடு. கிணறு எங்கை இருக்கு? வாசல்லை என்ன மரம்?"

குழந்தை மறுபடியும் கீறியது, இன்னும் வடிவாக. அதே இரண்டு மலை. சனம் மெல்லக் கலைந்து போனது.

ரீச்சர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். படத்தில் எதையோ விட்டுவிட்டோம் என்று குழந்தை நினைத்திருக்க வேண்டும். கரியைத் திரும்ப எடுத்து, மலையடியில் ஒரு ஆற்றையும் கீறியது.