கரமனைக்கு நான் கொண்டுபோன இரண்டு

காலை 6.40. திருநெல்வேலி சந்திப்பில் வண்டி ஏறும்போது நிம்மதியாகத்தான் இருந்தேன். மறுநாள் திருவனந்தபுரத்தில் எதிர்கால மோதுபொறிகள் பற்றிய கருத்தரங்கு. நாங்கள் இருவரும் எழுதிய கட்டுரையை என் தோழி பத்மா வாசிக்கிறாள், நான் கைதட்டுகிறேன், இவ்வளவுதான் ஏற்பாடு. மூன்றரை மணி நேரப் பயணம். நிம்மதி வள்ளியூர் வரைதான் தாங்கியது.

எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரான்களைக் கொத்துக் கொத்தாக ஒளியின் வேகத்துக்குப் பக்கத்தில் விரட்டி, எதிரெதிரே மோதவிடும் பல கிலோமீட்டர் நீளக் குழாய்தான் மோதுபொறி. நாங்கள் கணக்குப் போடுவது இன்னும் கட்டப்படாத பொறிகளுக்கு. அவற்றில் ஒரு கொத்து தலைமுடியைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லியதாக இருக்கும். இரண்டு கொத்துகள் ஒன்றையொன்று ஊடுருவிக் கடக்கும்போது ஒன்றின் மின்காந்தப் புலம் மற்றதன் மேல் அசுர பலத்தோடு பாயும். அந்தப் பலத்தில் வெற்றிடம்கூடச் சும்மா இருக்காது. ஒளி தெறிக்கும், புதிய துகள்கள் ஜோடி ஜோடியாகப் பிறக்கும். பலம் இன்னும் ஏறினால் நாம் நம்பியிருக்கும் கணக்கு முறையே கைவிட்டுவிடும் என்று ஓர் ஊகம் உண்டு. கொத்துகளை இவ்வளவு நெருக்கினால் அந்த எல்லையைத் தொட்டுவிடலாம் என்று எங்கள் கட்டுரை சொன்னது.

வள்ளியூரில் மடிக்கணினியைத் திறந்து நாளை திரையில் காட்டவேண்டிய படங்களைப் புரட்டினேன். ஒரு சமன்பாட்டின் முன்னால் இரண்டு என்ற எண் நின்றுகொண்டிருந்தது. நான் போட்டதுதான். எதிரே வரும் கொத்தின் மின்புலம் ஒரு தள்ளு தள்ளும், காந்தப்புலம் அதே திசையில் அதே அளவு இன்னொரு தள்ளு. ஆகவே இரண்டால் பெருக்க வேண்டும். நான் லேசர் ஆய்விலிருந்து வந்தவள்; அங்கே அதைக் கடைசியில்தான் பெருக்குவோம். பத்மாவைப் போன்ற மோதுபொறி ஆட்கள்? பத்மா அனுப்பிய புலத்தில் அந்த இரண்டு ஏற்கெனவே உள்ளே இருந்தால்?

"மேடம், காலை ஆட்டாதீங்க. சீட்டு மொத்தமும் ஆடுது" என்றார் பக்கத்தில் இருந்தவர். விழிஞ்ஞம் துறைமுகத்தில் கம்பி கட்டும் வேலைக்குப் போகிறவர். மன்னிப்புக் கேட்டேன். நாங்குநேரியில் வாங்கிய முறுக்கை நீட்டினார். "எதா இருந்தாலும் சாப்பிட்டுட்டு யோசிங்க" என்றார். முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இரண்டையே பார்த்தேன்.

பாறசாலையில் எதிர்வண்டிக்காக நிறுத்திப்போட்டார்கள். நான் நடைமேடையில் இறங்கி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். போனில் கேட்டுவிடலாம். ஆனால் போனில் கேட்கிற விஷயமா இது? மாமியார் படுத்த படுக்கையானபோது பத்மா வேலையை விட்டவள். ஏழு வருடம் போய்விட்டது. இப்போது திருவனந்தபுரம் கரமனையில், தன் வீட்டு மாடியில் சொந்தச் செலவில் வாங்கிய கணினியில் சம்பளமில்லாமல் உழைக்கிறாள். அடுத்த மாதம் இதே ஊரில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் அவளுக்கு நேர்முகம். கையில் காட்ட அவளிடம் இருப்பது இந்த ஒரு கட்டுரை. எனக்குக் கல்லூரியில் நிரந்தர வேலை இருக்கிறது. அவளுக்கு அந்தக் கட்டுரை சொல்லும் எண் இருக்கிறது. அதைப் பாதியாக்கத்தான் நான் போய்க்கொண்டிருந்தேன்.

10.50. தம்பானூரில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். "கரமனையில எவிடெ? பாலம் கழிஞ்சோ, முன்போ?" என்றார் ஓட்டுநர். பாலத்துக்கு முன்னால், அக்கிரகாரத் தெரு என்றேன். "அப்போ அறுபது ரூபா." பேரம் பேசும் நிலையில் நான் இல்லை. கிள்ளிப்பாலம் சிக்னலில் பச்சை விழுவதற்குள் மூன்று முறை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டேன். "டிரெயினுக்கு டைம் ஆச்சோ?" என்றார். இப்போதுதான் டிரெயினிலிருந்து இறங்கினேன் என்றதும் திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

பத்மா வாசலிலேயே நின்றாள். "வந்தாச்சா ஜெபா? என்ன, முகம் பேயறைஞ்சாப்பல இருக்கு?"

"மாடிக்கு வா, சொல்லுதேன்."

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. பத்மாவின் கணினி நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே மிக்ஸி போட்டால் மின்சாரம் போய்விடும். இரண்டு நாள் கணக்கு அழியும். அதனால் அவள் கணவர் ஹரி சட்னி அரைக்கும் முன் மாடியைப் பார்த்து அனுமதி கேட்பார். வங்கி அதிகாரி, வீட்டில் சமையலும் அவர்தான்.

"உன் ஃபைல்ல இருக்க புலம் மின்புலம் மட்டுமா, காந்தமும் சேத்தா?" என்று கேட்டேன்.

"சேர்த்துத்தான். எதிர்க்க வர்ற எலக்ட்ரானுக்கு எவ்வளவு தோணுமோ அதையாக்கும் நாங்க எப்பவும் குடுக்கறது. பின்ன?"

"நான் அதை மறுபடி ரெண்டால பெருக்கிட்டேன், பத்மா."

அவள் ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினாள். கையால் போடக்கூடிய எளிய கணக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு இருவரும் தனித்தனியே சரிபார்த்தோம். இரண்டு பேருக்கும் கட்டுரையில் இருந்த எண்ணில் பாதிதான் வந்தது. எல்லையைத் தொடவில்லை, பக்கத்தில்கூடப் போகவில்லை.

கீழேயிருந்து ஹரியின் குரல். "பத்மா, மிக்ஸி போடட்டா?"

"போட்டுக்கோங்கோ. இனி இங்க ஒண்ணும் ஓடறதில்லை."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாலை 4.15. வீட்டில் இருக்க முடியவில்லை என்றாள் பத்மா. எங்கே என்று யோசிக்காமல் கிழக்கேகோட்டைக்குப் போய், நின்றிருந்த விழிஞ்ஞம் பஸ்ஸில் ஏறினோம். பதினாறு கிலோமீட்டர், நின்றுகொண்டே. "உள்ளோட்டு நீங்கிக்கோ, சேச்சி" என்று உள்ளே நகரச் சொல்லி நடத்துநர் எங்களை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தார்.

துறையில் மீன்பிடிப் படகுகள் நெருக்கியடித்து நின்றன. தூரத்தில் புதிய துறைமுகத்தின் பளுதூக்கிகள் கப்பலிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தன. கடல்வரை வந்துவிட்டுக் கடலைப் பார்க்காமல் மீன் ஏலக் கூடத்தையே சுற்றி வந்தோம்.

"உடம்பு சரியில்லைன்னு சொல்லிரு. கட்டுரைய நான் வாபஸ் வாங்கிருதேன். நேர்முகம் வரைக்கும் யாருக்கும் தெரியாது" என்றேன்.

"நேக்குத் தெரியுமே" என்றாள். சிறிது தூரம் நடந்த பிறகு, "பாதின்னாலும் அது ஒரு எண்தானே? அந்த எல்லைக்கு எவ்வளவு குறையறதுன்னு இதுவரை யாரும் சொல்லலை. அதைச் சொல்றேன். வா, படமெல்லாம் மாத்தணும்" என்று பஸ்ஸை நோக்கி ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள்.

மறுநாள் 11.30. அரங்கில் எழுபது பேர் இருக்கலாம். அமர்வுத் தலைவராக இருந்தவர் அடுத்த மாத நேர்முகக் குழுவிலும் உட்காரப்போகிறவர். பத்மா முதல் படத்தைப் போட்டாள். எல்லையைத் தொட்டுவிடலாம் என்று அச்சிட்ட தலைப்பு தவறு, கணக்கில் இரண்டு மடங்கு பிழை இருக்கிறது, அதை நேற்று ஜெபா கண்டுபிடித்தாள் என்று ஆரம்பித்தாள். கொத்துகளை இன்னும் எவ்வளவு இறுக்க வேண்டும் என்று புதிய படத்தில் காட்டி முடித்தாள்.

தலைவர் ஒலிவாங்கியை எடுத்தார். நிரலில் நேர்ந்த பிழையை உரிய நேரத்தில் கண்டுபிடித்த பேராசிரியருக்கு நன்றி என்று என்னைப் பார்த்துச் சொன்னார். யாரும் சொல்லாமலே தீர்ப்பாகிவிட்டது: வேலையில்லாதவள் தப்புப் பண்ணினாள், வேலையிலிருப்பவள் கண்டுபிடித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து, "நிரல் சரியாகத்தான் இருந்தது. அந்த இரண்டு முழுக்க என் தப்பு" என்றேன். தலைவர் சிரித்துத் தலையசைத்தார். பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார் போலும்.

பத்மா மேடையிலிருந்து இறங்கவில்லை. "இல்லை. என் புலத்தில் காந்தமும் சேர்ந்திருக்கிறது என்று நான் எழுதிக் கொடுக்கவில்லை. அவர் கேட்கவில்லை. கட்டுரை இரண்டு பேருடையது, பிழையும் இரண்டு பேருடையது" என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொல்லிவிட்டு இறங்கினாள்.

தேநீர் இடைவேளையில் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். இப்படி ஒரு கோபத்தை அவளிடம் நான் பார்த்ததில்லை.

"நீ என்னத்துக்கு எழுந்தே?"

"உன்னைக் காப்பாத்தத்தான்."

"தப்பு பூரா உன்னுதுன்னா வேலையும் பூரா உன்னுதுன்னு ஆயிடாதோ? பின்ன நான் யாராக்கும்? நோக்கு மிஷின் ஓட்டிக் குடுத்தவளா? பாதி என்னுது, ஜெபா. விட மாட்டேன்."

அவள் காலிக் கோப்பையை வைத்துவிட்டு, கேள்வி கேட்கக் காத்திருந்த இரண்டு பேரை நோக்கிப் போய்விட்டாள்.

மாலை வண்டியில் ஜன்னலோரம் கிடைத்தது. நெய்யாற்றின்கரை தாண்டியும் என் கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது. நேர்முகத்தில் தான் காட்டப்போகும் முதல் படமே அந்தப் பிழைதான் என்று ரயில் நிலையத்தில் பத்மா சொல்லி என்னை வழியனுப்பியிருக்கிறாள். வேலை கிடைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை; பயமாக இருக்கிறது. திருநெல்வேலியில், என் கல்லூரியில், இருபது வருடமாக நானும் எத்தனையோ தப்புக் கணக்குப் போட்டிருக்கிறேன். கணக்கு யாருடையது என்று யாரும் கேட்டதில்லை; அதில் ஒன்றைக்கூட என்னுடையதுதான் என்று நான் யாரிடமும் போராடிச் சொல்ல வேண்டியிருந்ததில்லை.