கை காட்டினால் நிற்கிற பஸ்லி

பல்லேபொல பஸ்லியின் த்ரீவீலுக்கு யாராவது கை காட்டினால் போதும், அது நின்றுவிடும். உள்ளே இடமில்லாவிட்டாலும், "இடமில்ல, கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போவதற்காகவாவது நிற்கும். இந்தக் குணத்தால் சொந்த மச்சினியின் நிக்காஹ்வுக்கே, சாப்பிட்ட சஹன் தட்டுகளைக் கழுவுகிற நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தான். நல்ல மனுஷன்தான். ஆனால் நல்ல மனுஷனைக் கட்டிக்கொண்டவள் படும் பாடு அவளுக்குத்தானே தெரியும்!

அவள் பெயர் அஸ்ரா. தையல் மெஷினை மிதித்துக்கொண்டே மனதுக்குள் கவிதை கட்டுகிறவள். இந்த வருஷம் மாவட்டம் முழுக்க ஒரே மாலையில் இலவசக் கலை விழா வைத்தார்கள். சீகிரியாவில் நடனம், பல்லேபொலவில் ரபான் மேள அடிப்பு, நாலந்தாவில் கவியரங்கம். கவியரங்கத்தில் அஸ்ராவுக்கும் ஓர் இடம் கிடைத்தது. மேடை ஏறுவது இதுதான் முதல் தடவை. பயத்தில் ஒரு சட்டைக்குக் கையைத் தலைகீழாகத் தைத்துவிட்டாள்.

"முன் வரிசையில நீங்க ஈக்கணும். ஒங்க மூஞ்சியப் பாத்துத்தான் வாய் தொறப்பேன். இல்லாட்டி ஊமையாட்டம் எறங்கி வந்துடுவேன்."

"இன்ஷா அல்லாஹ், மொதல் ஆளா வந்து ஒக்காந்துக்குவேன்."

"வழியில யாரு கை காட்டினாலும் நிப்பாட்டக் கூடாது."

"நிப்பாட்ட மாட்டேன், போதுமா?"

விழாக்காரர்கள் அனுப்பிய வேனில் அஸ்ரா மத்தியானமே போய்விட்டாள். பஸ்லி அஸர் தொழுதுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினான். விழா நாளென்பதால் வழியெல்லாம் கைகள். கண்டும் காணாத மாதிரி ஓட்டினான். ஒவ்வொரு கைக்கும் மனசு அடித்துக்கொண்டது.

பாதி தூரத்தில் ஒரு வயதான சிங்கள அம்மா, துணி சுற்றிய ரபானை இடுப்போடு சாய்த்துக்கொண்டு கை காட்டினார். அவரையும் தாண்டிப் போனான். பிறகு பாழாய்ப்போன கண்ணாடியில் பார்த்தான். அம்மா இன்னும் கையை இறக்கவில்லை. கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விட்டது.

"பல்லேபொலைக்குப் போகணும் புத்தே. எங்க ரபான் தொடங்கப் போகுது, பஸ்ஸையே காணோம்" என்று, மகனிடம் கேட்பதுபோல் சிங்களத்தில் கேட்டார்.

பல்லேபொல! அவன் புறப்பட்டு வந்த அதே இடம். அஸ்ராவுக்குப் போன் எடுத்தான், அது அணைந்திருந்தது. இந்த அம்மாவுக்கும் ஒரு மேடை காத்திருக்கிறதே என்று நினைத்தான். வண்டியைத் திருப்பினான். இறங்கும்போது அம்மா காசை நீட்டினார். "இன்னைக்கு எல்லாமே இலவசம் அம்மே" என்று சொல்லிவிட்டுப் பறந்தான்.

விழா நெரிசலில் சிக்கி நாலந்தாவை எட்டும்போது பொழுது சாய்ந்து மஃரிப்பும் கழிந்திருந்தது. விழாப் பந்தல் கண்ணில் படுவதற்கு முன்பே ஒலிபெருக்கியில் அஸ்ராவின் குரல் கேட்டது.

"சோறு ஆறிப்போயிற்று.
ஆனாலும் மூடியைத் திறந்து பார்க்கிறேன்,
இன்னும் கொஞ்சம் ஆவி இருக்கிறது."

பஸ்லி ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தான். குரலில் நடுக்கமே இல்லை. கைதட்டல் வீதிவரை வந்தது. சந்தோஷத்தில் அவனும் வண்டிக்குள்ளிருந்தே கைதட்டினான். அடுத்த கணமே வெட்கம் பிடுங்கித் தின்றது. உள்ளே போக முகமில்லாமல் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான்.

கூட்டம் கலைந்ததும் அஸ்ரா வெளியே வந்தாள். அவனைக் கண்டாள், ஆனால் கிட்ட வரவில்லை. வீதியோரம் நின்று யாரோ ஒரு பிரயாணி மாதிரி கை காட்டினாள். பஸ்லி ஓட்டிப் போய் அவள் பக்கத்தில் நிறுத்தினான்.

"யார ஏத்தினீங்க?"

"ரபான் அடிக்கிற ஒரு அம்மாவ."

"அவங்க நேரத்துக்குப் போய்ச் சேந்தாங்களா?"

"சேந்துட்டாங்க."

அஸ்ரா ஏறி உட்கார்ந்தாள். "முன் வரிசையப் பாத்தேன், ஒங்க கதிரை காலி. கோவம் வந்திச்சி பாருங்க, பயம் போன எடம் தெரியல்ல."

பஸ்லி வண்டியை எடுத்தான். கொஞ்ச தூரத்தில், பஸ் தரிப்பிடத்தில் ஒரு கை நீண்டது. அவன் கண்ணாடியில் அஸ்ராவைப் பார்த்தான்.

அவள் ஓரமாகத் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.