மழை கழுவிய கல்மேடு

காங்கேயத்திலிருந்து கோவைக்கு வந்த பஸ் மட்டும் பஞ்சர் ஆகாமல் இருந்திருந்தால், அந்தக் கல்மேட்டை நான் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். ஆனி மாதம், மழை அப்போதுதான் விட்டிருந்தது. டிரைவரும் கண்டக்டரும் டயரோடு மல்லுக்கட்ட, நான் இறங்கி வேலியோரம் நின்றேன். வெயில் பட்டதும் மேடு சர்க்கரை கொட்டியதுபோல மின்னியது. பெல்ஸ்பார், பீங்கானுக்குச் சேர்க்கும் வெள்ளைக் கல்!

பீங்கான் கம்பெனி ஆய்வகத்தில் நான் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்தக் கல்லின் பொடியை வில்லையாகத் தட்டிச் சூளையில் வேகவைத்து, வெள்ளையாக வருகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. பழைய சுரங்கக்காரர்கள் பெரிய கட்டிகளை எடுத்துக்கொண்டு சில்லுகளை இங்கே கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். வெடி வேண்டாம், குழி வேண்டாம், அள்ளினால் லாபம். காலி டிபன் பாக்ஸில் ஒரு பிடி அள்ளிக்கொண்டேன். மறுநாள் வில்லை பால்போல வெளுத்து வந்தது.

அடுத்த ஞாயிறே அண்ணனைக் கூட்டிக்கொண்டு, மேடு கிடந்த நிலத்துக்குச் சொந்தமான தோட்டத்துக்காரரிடம் போனேன். ஆடி முடிந்ததும் மேட்டை ரோடு காண்ட்ராக்டருக்குத் தருவதாக அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ரோட்டுக்கு அடியில் போன கல்லை அப்புறம் யார் தோண்டுவது?

“ஏங்கண்ணு, இத்தன வருசமாச் சும்மா கெடந்த கல்லுக்கு இப்ப ரெண்டு பேரு போட்டியா?”

“ஆடி முடியற வரைக்கும் பொறுத்துக்குங்க. பீங்கானுக்கு ஆகும்னு காட்டிப்போடறனுங்க.”

“காட்டு. ஆகலீன்னா லாரி வந்துரும், பாத்துக்க.”

அண்ணன் ஒரு டிராக்டர் லோடு கொண்டுவந்து கம்பெனியில் கொட்டினான். வெந்து வந்த வில்லை முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். மேனேஜர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பீங்கான் கேட்டா எள்ளுருண்ட கொண்டாந்திருக்கீங்களே அம்மணி!”

ஆய்வகமே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன், காது சுட்டது.

மறுபடி மேட்டுக்குப் போய் மண்வெட்டியால் வெட்டிப் பார்த்தோம். ஒரு சாண் ஆழம் வரை வெள்ளை. அதற்குக் கீழே ஒவ்வொரு சில்லிலும் செம்மண் அப்பிக் கிடந்தது; அதிலுள்ள இரும்புதான் சூளையில் பழுப்புப் புள்ளியாகிறது. நான் டிபன் பாக்ஸில் அள்ளியது பல வருஷத்து மழை கழுவி வைத்திருந்த மேல்தோலை. அதை வைத்து மேடு முழுவதையும் எடை போட்டிருக்கிறேன். படித்த பெண்!

“அப்ப மழையத்தான் லோடு அடிக்கோணும்” என்றான் அண்ணன். கேலிக்குத்தான் சொன்னான். எனக்கு அது யோசனையாகப் பட்டது.

வீட்டு கிரைண்டரில் குழவியை எடுத்துவிட்டு, சில்லுகளையும் தண்ணீரையும் போட்டு, நடுவில் ஒரு விறகுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடவிட்டேன். கல்லோடு கல் உரசி, தண்ணீர் ரத்தமாய்ச் சிவந்தது. சத்தம் கேட்டு அம்மா ஓடிவந்தாள்.

“கல்லப் போட்டு ஆட்டறயே, நாளைக்கு இட்லி தின்னா வாயில பல்லு இருக்குமா?”

மூன்று தடவை தண்ணீர் மாற்றினேன். பிறகு பொடித்து, பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை அதில் ஓட்டினேன். கறுப்புத் தூசி மீசைபோல ஒட்டிக்கொண்டு வந்தது. இந்த முறை வில்லையில் தேடித்தான் புள்ளி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் ஒரு படி கல்லுக்கு மூன்று குடம் தண்ணீர் போயிருந்தது. காங்கேயத்து மேட்டுக்காட்டில் அத்தனை தண்ணீருக்கு எங்கே போவது?

ஆடி கடைசி வாரம் வில்லையைத் தோட்டத்துக்காரர் கையில் கொடுத்தேன். நகத்தால் தட்டிப் பார்த்தார்.

“வெள்ளையாத்தான் இருக்குது. தண்ணி? எங்க கெணத்துல மாட்டுக்கே அளந்துதான் ஊத்தறோம்.”

“செந்தண்ணியத் தெளிய வெச்சு, அதையே மறுக்கா ஊத்திக்கறனுங்க.”

அவர் வில்லையை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

“காண்ட்ராக்டருக்குச் சொன்ன சொல்லு ஒண்ணு இருக்குதல்லோ. லாரி தெக்கால இருந்து அள்ளட்டும். நீ வடக்கால இருந்து கழுவு. யாரு முந்தறீங்கன்னு பாப்போம்.”

லாரிகள் திங்கட்கிழமை வருகின்றன என்றார். திரும்பும் வழியில், டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்து, கல் கழுவ மெஷின் எங்கே கிடைக்கும் என்று அண்ணனைத் துளைத்தெடுத்தேன். அவன் கூட்டாளி வீடு கட்டுகிறான்; அங்கே கான்கிரீட் கலக்கும் மெஷின் ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் நிற்கும். அதை இழுத்து வந்து கல்லும் தண்ணீரும் போட்டுச் சுற்றவிட வேண்டும். அதற்கு முன், மேட்டின் வடக்கே அடுத்தடுத்து இரண்டு குழி: ஒன்றில் சேறு தங்க, மற்றதில் தெளிந்த தண்ணீர் நிற்க. சனிக்கிழமை விடிந்ததும் முதல் குழியை வெட்டுவதாக முடிவு செய்தோம்.