ஆமென் சொல்லாத ஜெபம்

தாசம்மாள் டீச்சர் கால் வலிக்கிறது என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. செருப்புதான் அடிக்கடி தேய்ந்துபோகும். திருவனந்தபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் வாரமெல்லாம் கணக்கு நடத்துவாள். சனிக்கிழமை விடிந்தால் குடையும் பாட்டுப் புத்தகமுமாகக் கிளம்பிவிடுவாள். பாறசாலை, காட்டாக்கடை, நெடுமங்காடு என்று சிதறிக் கிடந்த சின்னச் சபைகளின் வாலிபர்களை ஒரே சங்கமாகக் கட்டுவது அவளே தலையில் ஏற்றிக்கொண்ட வேலை. சங்கத்துக்குச் செயலாளரும் அவள்தான்.

“கல்யாணம் கட்டாம இப்படி ஊர் சுத்துததுக்கு ஒரு சங்கமாக்கும்!” என்று சபைப் பெண்கள் சாடை பேசுவார்கள்.

“நெடுமங்காடு வரைக்கும் நடக்கிற மாப்பிள்ளை இருந்தா சொல்லுங்கோ, கட்டுதேன்” என்பாள் அவள்.

சங்கத்தில் சேராமல் நின்றது கல்லாற்றுச் சபை ஒன்றுதான். பொன்முடி மலையடிவாரத்தில், தோட்டக் கூலிகள் ஓலை வேய்ந்து எழுப்பிய சபை அது. ஞானஸ்நானம் சாதியைக் கழுவிவிட்டதாகப் பிரசங்கத்தில் சொல்வார்கள். தண்ணீர் கூலிக்காரன் தலையில் பட்டது; நகரத்துச் சபையின் கண்ணில் ஒரு துளியும் படவில்லை. அவர்கள் வந்தால் கடைசி வரிசை, வராவிட்டால் இன்னும் நிம்மதி.

வருடக் கூடுகைக்கு அழைக்க தாசம்மாள் அங்கே ஏறிப் போனாள். அந்தச் சபை வாலிபர்களுக்குத் தலைவன் தங்கப்பன். தேயிலை மூட்டை சுமந்து தோள் காய்த்த ஆள். எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“விளிச்சா வருவோம் டீச்சரே. ஆனா, எலெ எங்க போடுவிய?”

கூடுகை என்றால் மத்தியானம் அசனம் உண்டு. சபையார் எல்லாரும் தரையில் வரிசையாக உட்கார்ந்து உண்ணும் விருந்து அது. அந்த வரிசையில்தான் ஒருவனுடைய இடம் தெரியும்.

“ஒரே பந்தி” என்றாள் தாசம்மாள். “நான் வாக்குத் தாரேன்.”

“வாக்கு தப்பினா, கல்லாறு பின்னெ ஒரு நாளும் மலை இறங்காது. பறஞ்சிட்டேன்.”

ஊர் திரும்பியதும் நேரே சாலைக் கடைத்தெருவுக்குப் போனாள். அசனத்துக்கு அரிசி கொடுப்பவர் சபைக் கமிட்டியில் இருந்த டீக்கன் திரவியம். மொத்த வியாபாரி, சபையில் அவர் இருமினால் போதகர் பிரசங்கத்தைச் சுருக்கிவிடுவார்.

“இந்த வருஷம் கல்லாறும் வருது அண்ணாச்சி. ஒரே பந்திதானே?”

“பின்னே? ஒரே பந்திதான் டீச்சரே. ரெண்டு பந்தி வச்சா வெறகு யாரு பொளக்கது?”

வகுப்பில் ஒவ்வொரு விடையையும் இரண்டு முறை சரிபார்க்கிறவள், அன்று ஒரு முறை கேட்டதோடு திரும்பினாள்.

கூடுகை நாளன்று காலையில் நகரத்துச் சபை வளாகத்து ஓலைப் பந்தலில் கீர்த்தனைப் போட்டி. கல்லாற்றுப் பிள்ளைகள் பாடியபோது பாறசாலை வாலிபர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். மத்தியானம் பந்தலுக்குள் பாய் விரித்து இலை போட்டார்கள். பெண்கள் பக்கத்தில் இலை போட்டு முடித்து நிமிர்ந்த தாசம்மாள், பந்தலுக்கு வெளியே பார்த்தாள். பலா மரத்தடியில், வெறும் மண்ணில் இன்னொரு வரிசை. கல்லாறு முழுவதும் அங்கே உட்கார்ந்திருந்தது. தங்கப்பன் உட்காரவில்லை. இலையைக் கையில் பிடித்தபடி அவளையே பார்த்து நின்றான்.

“அண்ணாச்சி, ஒரே பந்தின்னு சொன்னீங்களே?” என்று திரவியத்திடம் போய்க் கேட்டாள்.

“ஒரே பந்திதானே? எல்லாருக்கும் ஒரே நேரத்திலே வெளம்புதோம். ஒரே சோறு, ஒரே சாம்பார். பந்தின்னா நேரமாக்கும் டீச்சரே, எடம் இல்லே.” பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

முந்தைய ஆண்டு மகாராஜாவின் அரசாங்கமே கோயில் கதவுகளை எல்லாச் சாதிக்கும் திறந்துவிட்டிருந்தது. கதவே இல்லாத ஓலைப் பந்தலில் இவர் ஒரு வாசல் கட்டிப் பூட்டியும் வைத்திருந்தார். பூட்டு, ‘பந்தி’ என்ற ஒரு சொல்.

சோறு பரிமாறியாயிற்று. அசனத்தில் ஜெபம் சொல்லி, கூட்டம் முழுதும் “ஆமென்” என்ற பிறகுதான் இலையில் கை வைக்கலாம். வாலிபர் கூடுகையில் ஜெபம் சொல்வது செயலாளர்.

தாசம்மாள் பந்தல் நடுவே வந்து கண் மூடினாள். “பரம பிதாவே, ஒரே அப்பத்தைப் பிட்டு எல்லாருக்கும் கொடுத்தீர்…” நிதானமாகச் சொல்லி வந்தவள், முடிவுக்கு வந்ததும் நிறுத்தினாள். கண் திறந்து நின்றாள்.

எல்லாரும் காத்திருந்தார்கள்.

“ஆமென் சொல்லும் டீச்சரே” என்றார் திரவியம்.

“அந்தப் பிள்ளைகள் உள்ளே வரட்டும். சொல்லுதேன்.”

போதகர் கண்ணைத் திறக்கவே இல்லை. திறந்தால் ஏதாவது ஒரு பக்கம் பார்க்க வேண்டியிருக்கும்.

“நீரு சொல்லலேன்னா வேற ஆளில்லையா? ஆமென்!” என்று திரவியமே உரக்கச் சொன்னார். பந்தலில் ஒரு குரல்கூடச் சேரவில்லை. பாறசாலை வாலிபர்கள் கையை மடியிலேயே வைத்திருந்தார்கள். திரவியத்தின் கை மட்டும் இலைவரை போய், தனியாக நின்று, திரும்பியது.

அடுப்பங்கரையிலிருந்து சமையற்காரி பொன்னம்மை கரண்டியோடு வந்தாள். “சோறு ஆறுது! புகை குடிச்சு வடிச்சவ நானாக்கும். யாராவது அந்தப் பிள்ளைகளெ உள்ளே விளிங்கோ!”

“தள்ளி இருலே” என்று பாறசாலைக்காரன் ஒருவன் பக்கத்தில் இருந்தவனை இடித்தான். வரிசை நெருங்கியது. பாயில் இடம் பிறந்தது. தங்கப்பன் பந்தல் காலருகே வந்தான்.

“எலெ எங்க போடணும் டீச்சரே?”

அவள் அந்த இடத்தைக் காட்டினாள். அது திரவியத்துக்கு நேர் எதிரே இருந்தது. கல்லாறு முழுவதும் வந்து உட்கார்ந்த பிறகு அவள் “ஆமென்” என்றாள். பந்தல் அதிர்ந்தது. திரவியமும் வேறு சிலரும் உண்ணாமலே எழுந்து போனார்கள். பொன்னம்மை அந்தச் சோற்றை வீணாக்கவில்லை.

அடுத்த சபைக் கமிட்டி தாசம்மாளைச் செயலாளர் பதவியிலிருந்து நீக்கியது. ஜெபத்தை அவமதித்தாள் என்று காரணம் சொன்னார்கள். சனிக்கிழமை விடிந்தது. அவள் குடையை எடுத்துக்கொண்டு கல்லாற்றுக்குக் கிளம்பினாள்.

கல்லாற்றில் பிற சபை வாலிபர்களும் வந்து காத்திருந்தார்கள். “அடுத்த கூடுகை இங்கயாக்கும் டீச்சரே” என்றான் தங்கப்பன். “டீக்கனாரெ விளிக்கணுமா?”

“கட்டாயம் விளிக்கணும்” என்றாள் தாசம்மாள். “ஒரே பந்தின்னு சொல்லி விளி. பந்தின்னா எடம்னும் சேத்துச் சொல்லு.”