இறங்கத் தெரியாத நஞ்சய்யா

மைசூரில் ஒருவன் சைக்கிளிலிருந்து விழுந்தால் யாரும் சிரிப்பதில்லை. நாலு பேர் வந்து தூக்கி, வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "பெட்டாய்தா?" என்று கேட்பார்கள். அடிபட்டதா என்று பொருள். எங்கள் திண்டுக்கல்லில் முதலில் சிரிப்பு, அடுத்து வசவு, அதற்குப் பிறகுதான் கை நீளும். இங்கே குமாஸ்தாவாக வந்து நான்கு ஆண்டுகளாகியும் இந்த மரியாதை எனக்குப் பழகியிருக்கவில்லை. இது அடிக்கத் தெரியாத ஊர் என்றே நம்பியிருந்தேன்.

எங்கள் அலுவலகத்துப் பியூன் நஞ்சய்யாவுக்கு அப்போது என் வயதுதான், நாற்பத்தாறு. இருபது ஆண்டுகளாகத் தபால்களை நடந்தே கொண்டுபோய்க் கொடுத்தவர். சுதந்திரத்துக்குப் பின் அலுவலகங்கள் பெருகி ஊரின் நாலு மூலைக்கும் போய்விட்டன. இனித் தபால் சைக்கிளில்தான் போகும், அடுத்த திங்கட்கிழமை பத்து மணிக்கு அதிகாரி முன்னால் ஓட்டி இறங்கிக் காட்டாதவருக்கு வேலை இல்லை என்று உத்தரவு வந்தது. அவருக்கு நான்கு பெண்கள். மூத்தவளுக்கு மட்டும் கல்யாணம் ஆகியிருந்தது. கையில் இருந்தது ஆறு நாள்.

செவ்வாய் காலை ஐந்தரைக்கு, மலையடி மைதானத்தில், என் சைக்கிளில் தொடங்கினோம். நான் முப்பது வயதில் திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்புக்குப் பின்னால் கற்றவன். சொல்லிக்கொடுத்த மாணிக்கம் என்னோடு அங்கே வேலை பார்த்தவன். காற்றடிக்கும் பம்பைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் ஓடிவருவான். முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தால் முதுகில் ஒன்று விழும். "கீழ என்னடா பார்வ? பொதையலா கெடக்கு?" என்பான். எனக்குத் தெரிந்த ஒரே முறை அதுதான். நஞ்சய்யா குனிந்தபோது ஈரத்துண்டை முறுக்கி ஒன்று வைத்தேன். சரிந்து விழுந்தார், முழங்கையில் தோல் உரிந்தது. எழுந்து, இங்கே பேட்டா என்று சொல்லும் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, "அடிங்க மேஷ்ட்ரே, பரவாயில்லை. பேட்டா மேல மட்டும் வேண்டாம், மாமனார் கொடுத்தது" என்றார் கன்னடத்தில். மேஷ்ட்ரு என்றால் வாத்தியார். வெட்கமாக இருந்தது. ஆனாலும் அடித்தேன். சனிக்கிழமைக்குள் இரண்டு முழங்கால்களும் கிழிந்து, ஒரு பல்லும் போய், தனியாக ஓட்டத் தொடங்கிவிட்டார். இறங்க மட்டும் நான் சொல்லித்தரவில்லை. எங்கள் ஊரில் அதை யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை. விழுந்து விழுந்து தானாக வரவேண்டியது.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஜட்கா நிறுத்தத்துக்குக் கூட்டிப்போய், குதிரைகள் நீர் குடிக்கும் தொட்டியைச் சுற்றி வரச் சொன்னேன். முன்சக்கரம் புட்டசாமி என்ற ஜட்காக்காரனின் கணுக்காலில் ஏறியது. பக்கத்தில் நின்ற குதிரை மிரண்டு அவனைத் தொட்டிச் சுவரோடு மோதியது. அவன் வாயெல்லாம் ரத்தம். நஞ்சய்யா நிற்கவில்லை, நிற்கத் தெரியாது. பின்னால் ஓடிவந்த நான் ஜட்காக்காரர்களிடம் அகப்பட்டேன்.

"யாரோட சைக்கிள்?"

"என்னுது."

சைக்கிள்களால் சவாரி குறைந்த ஆத்திரமெல்லாம் என்மேல் இறங்கியது. கெம்பன் என்பவன் வீசிய முதல் சாட்டை தோளிலிருந்து முதுகுவரை கிழித்தது. அடுத்தது காதில். நான்கு ஆண்டுக் கன்னடம் அந்த நொடியில் என்னை விட்டுப் போய்விட்டது. "ஐயோ, அடிக்காதீங்க சாமி!" என்று தமிழில் கத்தினேன். "கொங்கா!" என்றான் ஒருவன். தமிழனை இங்கே ஏசும் சொல் அது. அதன்பிறகு உதையும் சேர்ந்தது. புட்டசாமி என் இடக்கையைத் திருகினான். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

நஞ்சய்யா தொட்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். எங்களைக் கடக்கும்போதெல்லாம், "ஹொடீபேட்ரோ! அடிக்காதீங்க, நம்ம மேஷ்ட்ரு!" என்று கதறினார். குரல் நெருங்கும், தேயும், மறுபடி நெருங்கும். நான்காவது முறை அவர் கடந்து போகவில்லை. ஹாண்டில்பாரைத் திருப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, நேராக அவர்கள்மேல் விட்டார். மூன்று பேர் சாய்ந்தார்கள். அவர் நெற்றி பிளந்தது.

அரைமணி கழித்து ஆஸ்பத்திரி பெஞ்சில் நானும் நஞ்சய்யாவும் புட்டசாமியும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம்.

"ஏன்யா நிறுத்தலை?" என்றான் புட்டசாமி.

"அது இன்னும் பாடத்துல வரலை" என்றார் நஞ்சய்யா.

புட்டசாமி என் பக்கம் திரும்பினான். "ஏத்திவிடத் தெரியுது, இறக்கிவிடத் தெரியலை. நீயெல்லாம் என்ன மேஷ்ட்ரு?"

நஞ்சய்யா மறுநாள் பரீட்சையைப் பற்றியும் கல்யாணமாகாத மூன்று பெண்களைப் பற்றியும் சொன்னார். அன்று மாலை நாலு மணிக்குப் புட்டசாமி மைதானத்துக்கு நொண்டிக்கொண்டு வந்தான். குதிரையிலிருந்து இறங்குவதுபோல, எடையை இடக்காலில் நிறுத்தி, வலக்காலைப் பின்னால் வீசக் காட்டினான். ஒரு பக்கம் நான் நல்ல கையால் பிடித்தேன். மறுபக்கம் என் கையை முறித்தவன். குதிரையைச் சாட்டையால் ஓட்டுகிறவன், நஞ்சய்யாவை ஒருமுறைகூட அடிக்கவில்லை.

திங்கள் பத்து மணிக்கு நஞ்சய்யா கட்டுப்போட்ட தலையில் பேட்டாவைச் சுற்றிக்கொண்டு ஓட்டினார். அதிகாரியின் முன்னால் வலக்காலை வீசி இறங்கினார். விழவில்லை. வேலை நிலைத்தது.

இது நடந்து மூன்று ஆண்டுகள். மைசூரில் தெருக்குழாயடியில் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் குளிக்கிறேன். தண்ணீர் பிடிக்க வரும் புட்டசாமி என் தழும்பைப் பார்த்து, "இது நம்ம வேலை இல்லை கொங்கா, கெம்பனோடது. நான் போட்டிருந்தா கோடு நேரா இருக்கும்" என்பான். நானும் சிரித்துவிடுகிறேன்.

லீவுக்குத் திண்டுக்கல் போனால் கிணற்றடியில் சட்டையோடு நிற்கிறேன். "கழட்டுடா, நீ என்ன வெள்ளக்காரனா?" என்கிறார் அண்ணன். தழும்பு அவர் கண்ணில் பட்டால் மைசூரையே ஏசுவார். நான் அந்த ஊருக்காகப் பரிந்து பேச வேண்டிவரும். நனைந்த துணி முதுகில் ஒட்டுகிறது. அண்ணன் வாளியோடு கிணற்றைச் சுற்றி வர வர, நானும் அவருக்கு முகத்தையே காட்டியபடி சுற்றிச் சுற்றித் திரும்பிக்கொண்டிருக்கிறேன்.